பின்வாசலில் சல்லியும் கருங்கல்லும்: ஆறு மழைக்காலம் பார்த்த பிறகு

எங்கள் வீடு ஹட்டன் பக்கம், ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்தில். மே மாதம் பிடிக்கிற தென்மேல் பருவமழை செப்டம்பர் வரை விடாது. கொஞ்சம் கீழே இருக்கிற வட்டவளை, இலங்கையிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் ஒன்று. இப்படி ஓர் ஊரில் பின்வாசல் மண்தரையாக இருந்தால் வருஷத்தில் பாதி நாள் சேறுதான். அதனால் 2020 ஜனவரியில், மழை ஓய்ந்திருந்த நேரத்தில், 15 அடிக்கு 12 அடி இடத்தில் சல்லியும் தட்டைக் கருங்கல்லும் போட்டு, உட்கார்ந்து பேச ஓர் இடம் செய்தோம்.

சிமெந்துத் தரை போட்டிருக்கலாமே என்று இதுவரை ஒருநாளும் தோன்றவில்லை. ஆனால் முதல் வருஷம் ஒரு பெரிய பிழை விட்டோம். இதே வேலையை நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மண்ணை மட்டமாக வெட்டி, புல் முளைக்கக் கூடாது என்று கறுப்பு பொலித்தீன் விரித்து, அதன்மேல் சல்லியைக் கொட்டி, மேற்பரப்பை மட்டும் கொஞ்சம் சரித்துவிட்டோம். பார்க்க அழகாக இருந்தது. ஜூன் மழை வந்ததும் பொலித்தீனுக்கு மேலே தண்ணீர் தேங்கி, வாசல் முழுக்கத் தொட்டி போல ஆகிவிட்டது. கால் வைத்தால் சல்லி புதைந்தது. இரண்டு வாரத்தில் அழுகல் வாடையும் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் பல வருஷம் கல் அணை (மண் சரியாமல் தாங்கும் கல் சுவர்) கட்டிய தாத்தா ஒருவர் வந்து பார்த்தார். ஓர் இடத்தில் சல்லியை விலக்கி அடி மண்ணைத் தொட்டுவிட்டு, "மேலே சரிச்சு என்ன தம்பி செய்ய? அடி மண்ணுல சரிவு இல்லையே, தண்ணி எங்க போகும்?" என்றார்.

2021 தொடக்கத்தில் எல்லாவற்றையும் அள்ளி ஒதுக்கிவிட்டுத் திரும்பச் செய்தோம். அடி மண்ணையே வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 12 அடிக்கு 3 அங்குலம் இறங்குகிற மாதிரி வெட்டினோம். தாழ்ந்த ஓரத்தில் ஒரு சிறு பள்ளம். அதில் துளை போட்ட 4 அங்குலக் குழாயை வைத்து, ஜியோடெக்ஸ்டைல் துணி சுற்றி, வீட்டுப் பக்கத்துக் கானில் (வடிகாலில்) கொண்டுபோய் விட்டோம். பொலித்தீனுக்குப் பதிலாகத் தரை முழுக்கவும் அதே துணிதான். தண்ணீரை விடும், சல்லியையும் மண்ணையும் கலக்க விடாது.

சல்லித் தரையின் பெரிய நன்மையாகப் பலரும் சொல்வது, மழைநீர் அந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறங்கும் என்பது. சமவெளிக்கு அது சரி. மலையில், அதுவும் பின்னால் வெட்டிய மண்மேடோ முன்னால் கல் அணையோ இருக்கிற வீட்டில், அது ஆபத்து. நீர் குடித்த மண்ணுக்குப் பாரம் கூடும், பிடிப்புக் குறையும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தில் எத்தனை மண்சரிவுகளைக் கொண்டுவந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் நான் தூங்காமல் எழுந்து எழுந்து பார்த்தது அந்தக் குழாயின் வாயைத்தான். தண்ணீர் கலங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இடம் போதவில்லை என்று மேட்டை இன்னும் உள்ளே வெட்டி வாசலைப் பெரிதாக்க நினைத்தால், தயவுசெய்து வேண்டாம்.

சரி, கற்களுக்கு வருவோம். அடியில் ஒன்றரை அங்குல மெட்டல் (உடைத்த கருங்கல்) 4 அங்குலக் கனத்துக்குப் போட்டு இடித்து இறுக்கினோம். மேலே பொடிச்சல்லி 2 அங்குலம். ஒரு கியூப் என்பது 100 கனஅடி. எங்கள் 180 சதுர அடிக்கு அடியில் 0.6 கியூப், மேலே 0.3 கியூப் பிடித்தது. முதல் தடவை வந்த லொறிச் சல்லியில் பாதி கல்தூள். மழை பட்டதும் அது சேறாகி இடைவெளிகளை அடைத்துவிட்டது. அதனால் இறக்குவதற்கு முன்பே ஒரு வாளிச் சல்லியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உருண்டைக் கூழாங்கல் கண்ணுக்கு அழகு, ஆனால் காலுக்கடியில் உருளும். உடைத்த சல்லி, முனைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நிற்கும். ஓரத்துக்குக் கல் வரம்பு கட்டாயம். முதல் வருஷம் அது இல்லாததால் சல்லி நகர்ந்து போய்க் கானை அடைத்தது.

அம்மா கைத்தடியோடு நடப்பவர். வெறும் சல்லியில் தடி நிற்காது. இஸ்தோப்பிலிருந்து (வராந்தாவிலிருந்து) பெஞ்சு வரை தட்டைக் கருங்கற்களை, அவர் ஓர் அடி எடுத்து வைக்கிற தூரத்தை அளந்து, அதே இடைவெளியில் பதித்தோம். வெட்டி வழவழப்பாக்கிய கல் ஈரத்தில் வழுக்கும் என்பதால் உடைத்த முகம் மேலே வருகிற மாதிரி வைத்தோம். அப்படியும் ஜூலை, ஆகஸ்டில் பாசி பிடிக்கிறது. பத்து நாளைக்கு ஒருமுறை கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கிறேன். கதிரைக் கால்கள் புதையாமல் இருக்க அவற்றுக்கும் ஆளுக்கொரு தட்டைக் கல்.

பராமரிப்பே தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேலிக்கு அப்பால் நிற்கிற சபுக்கு (சில்வர் ஓக்) மரம் நாள் முழுக்க இலை கொட்டும். அதை விட்டுவைத்தால் சல்லிக்குள் மக்கி மண்ணாகி, அதில் புல் முளைக்கும். கீழே விரித்த துணியால் அதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் விதை மேலேயிருந்து வருகிறது. வாரம் ஒருமுறை இலையை வாரி எடுத்துவிட்டால் போதும்.

இவ்வளவு வேலைக்கும் கிடைப்பது என்னவென்றால், மழை விட்டுக் கால் மணிநேரத்தில் வெளியே வந்து உட்காரலாம். புல்தரையாக இருந்தபோது காலில் ஏறிய அட்டைகள் இப்போது வெகு குறைவு. இரவில் யார் வந்தாலும், எது வந்தாலும், சல்லி சரசரக்கும். மாலையில் பனிமூட்டம் இறங்குகிறபோது அம்மா அந்தக் கற்களில் ஒவ்வொன்றாக அடி வைத்து, யார் கையையும் பிடிக்காமல் பெஞ்சுக்கு வருவார். பிளேன்டீயை நான் பிறகு கொண்டுபோய்க் கொடுப்பேன்.

நடந்து நடந்து பெஞ்சுக்கு முன்னால் சல்லி மெலிந்துவிட்டது. அடுத்த மே மாதத்துக்கு முன்னால் கால் கியூப் இறக்க வேண்டும். அப்போதே குழாயின் வாயையும் ஒருமுறை திறந்து கழுவிவிட இருக்கிறேன்.