நேரலையா, பதிவா, கலவையா: 60 பேர் வகுப்புக்கு 12 வார ஆன்லைன் பாடம்

பொறியியல் கல்லூரி, இரண்டாம் ஆண்டு, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (ப்ரோகிராமுக்குள் தரவை அடுக்கி வைக்கும் முறைகள்). வகுப்பில் 60 பேர், வாரம் 3 மணி நேரம், மொத்தம் 12 வாரம். இதை ஆன்லைனில் நடத்தச் சொன்னால் ஆசிரியருக்கு நான்கு வழிகள் உண்டு: முழுக்க நேரலை, முழுக்க வீடியோ, இரண்டும் கலந்தது, ஏற்கெனவே உள்ள என்பிடெல் (ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டம்) பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்வது. நான்கையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: மாணவர் செய்யும் தவறு ஆசிரியர் கண்ணில் எப்போது படுகிறது?

முதலில் நேரலை. தயாரிப்பு வேலை குறைவு. கரும்பலகையில் நடத்தும் அதே பாடம், அதே பிபிடி. 2020 ஊரடங்கில் ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளும் இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். சிக்கல் பத்தாவது நிமிடத்தில் தொடங்கும். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் இரண்டு பேர் “யெஸ் சார்” என்று தட்டுவார்கள், மீதி 58 பேரும் மியூட். அந்த இரண்டு யெஸ்ஸை நம்பி அடுத்த ஸ்லைடுக்குப் போனால், தவறு வெளியே வருவது முதல் இன்டர்னல் விடைத்தாளில்தான். அதற்குள் ஒன்றரை யூனிட் ஓடியிருக்கும்.

டேட்டா கணக்கும் இருக்கிறது. விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ அழைப்பு மணிக்கு 450 எம்பி இழுக்கும். ஒரே நாளில் மூன்று வகுப்பு என்றால் 1,350 எம்பி. தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருக்கும் மாணவருக்கு மாலையில் அசைன்மென்ட் ஏற்றக்கூட மிச்சம் இருக்காது. கேமராவை ஆன் பண்ணச் சொல்லி வற்புறுத்துவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். முகம் தெரிவதால் கவனம் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை.

நேரலையை ஓரளவு காப்பாற்றும் உத்திகள் உண்டு. 10, 12 நிமிடத்துக்கு ஒரு கேள்வி போட வேண்டும். எல்லோரும் விடையைச் சாட்டில் தட்டி வைத்து, “அனுப்புங்க” என்று சொன்ன பிறகுதான் என்டர் அழுத்த வேண்டும். இல்லையென்றால் முதல் ஆள் போட்டதையே மற்றவர்கள் நகலெடுப்பார்கள். தட்டுவதற்கு ஒரு நிமிடமாவது விட வேண்டும். அந்த மௌனம் ஆசிரியருக்குத்தான் சங்கடம், மாணவருக்கு அது யோசிக்கும் நேரம். பிரேக்அவுட் ரூமில், அதாவது அழைப்புக்குள்ளேயே சிறு தனி அறைகளில், நான்கு நான்கு பேராகப் பிரித்தால் 15 அறைகள் வரும், எட்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் எட்டிப் பார்க்க முடியாது. ஒவ்வொரு அறைக்கும் பகிர்ந்த கூகுள் டாக்ஸில் ஒரு பக்கம் ஒதுக்கி, எழுதுபவர் யார் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். எழுத வேலை இல்லாத அறையில் நான்கு பேரும் போனை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அடுத்தது முழுக்க வீடியோ. இங்கே டேட்டா செலவு சரிகிறது. 500 கிலோபிட் தரத்தில் நிமிடத்துக்கு 3.75 எம்பி, எட்டு நிமிட வீடியோ ஆறு சேர்ந்தாலும் வாரத்துக்கு 180 எம்பிதான். நிறுத்தலாம், திருப்பிப் பார்க்கலாம், ஹாஸ்டல் வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் வேலை பெரிது. புதிதாகச் செய்பவர் எட்டு நிமிட வீடியோவுக்கு எழுத்து, பதிவு, வெட்டு, சரிபார்ப்பு என நான்கு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். வாரம் ஆறு வீதம் 72 வீடியோ; 288 மணி நேரம். ஒரே வருடத்தில் இதை முடிக்கத் திட்டமிட்டால் ஐந்தாவது வாரத்தில் தரம் சரிந்து, வெறும் பிபிடியை வாசித்துக் காட்டும் நிலைமைக்கு வந்துவிடும்.

ஏன் எட்டு நிமிடம்? எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசி 2014ல் வெளிவந்த ஆய்வு, பெரும்பாலோர் ஆறு நிமிடத்துக்கு மேல் ஒரு வீடியோவில் தங்குவதில்லை என்று கண்டது. அசையாத ஸ்லைடை விட, எழுதிக்கொண்டே விளக்கும் வீடியோவுக்குப் பார்வையாளர் அதிக நேரம் கொடுத்ததும் அதே ஆய்வில் உண்டு. ஆறை வேதவாக்காக எடுக்கத் தேவையில்லை. ஒரு வீடியோவுக்கு ஒரு கருத்து என்று வைத்தால் நீளம் தானாகவே ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் நின்றுவிடும்.

பதிவில் கெட்டுப்போவது பெரும்பாலும் படமில்லை, ஒலிதான். சட்டையில் குத்தும் சாதாரண வயர் மைக் போதும். ஃபேனை மட்டும் நிறுத்திவிட வேண்டும். திரையில் ஒரு நேரத்தில் ஆறேழு வரிக்கு மேல் கோட் வைத்தால் போனில் பார்ப்பவருக்கு எறும்பு ஊர்வது போலத்தான் இருக்கும். “போன வாரம் நடந்த டெஸ்ட்ல” போன்ற பேச்சை உள்ளே விட்டால் அடுத்த வருடம் மறுபடி பதிய வேண்டும்.

இத்தனை செய்தும் வீடியோவுக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு: யாரும் பார்க்காமல் இருக்கலாம். எம்ஐடி, ஹார்வர்ட் இரண்டும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களின் தரவை வைத்து 2019ல் வந்த கட்டுரைப்படி, பதிவு செய்தவர்களில் 52 சதவீதம் பேர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18ல் முடித்தவர்கள் 3.13 சதவீதம். அவை யாரும் சேரக்கூடிய திறந்த பாடங்கள். மதிப்பெண் கட்டாயம் உள்ள கல்லூரி வகுப்பை அப்படியே அவற்றோடு ஒப்பிடக் கூடாது. கல்லூரியில் நடப்பது வேறு மாதிரி: கைவிட மாட்டார்கள், தள்ளிப்போடுவார்கள். மூன்று வாரம் சேர்ந்த பிறகு, தேர்வுக்கு முந்தின இரவு இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள்.

கலவை முறைக்கு வருவோம். இந்த அளவு வகுப்புக்கு நாம் பரிந்துரைப்பது இதுதான், ஆனால் கெடுப்பதற்கும் எளிதான முறை. ஒரு வாரத்தின் வடிவம்: வெள்ளிக்கிழமை 50 நிமிட அளவு வீடியோக்கள் எல்எம்எஸ்ஸில் (கல்லூரியின் ஆன்லைன் பாடத் தளம்) ஏறும். திங்கள் இரவு 9 மணிக்குள் ஐந்து கேள்வி கொண்ட குவிஸ், 20 நிமிடம். செவ்வாய் 60 நிமிட நேரலை. வியாழனுக்குள் 50 நிமிடத்தில் முடியும் ஒரு ப்ரோகிராம். கூட்டிப் பார்த்தால் சரியாக 180 நிமிடம். பழைய மூன்று மணி நேரலையை அப்படியே வைத்துக்கொண்டு வீடியோவையும் தலையில் கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. அது கலவை இல்லை, ஒன்றரைப் பாடம்.

எல்லாம் அந்த ஐந்து கேள்வியில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் (நோட்) தனக்கு அடுத்ததை ‘நெக்ஸ்ட்’ மூலம் சுட்டும் சங்கிலிதான் லிங்க்ட் லிஸ்ட்; முதல் துண்டைச் சுட்டுவது ‘ஹெட்’. லிஸ்டின் தொடக்கத்தில் புதிய நோடைச் சேர்க்க இரண்டு வரி வேண்டும்: முதலில் புதிய நோடின் நெக்ஸ்ட், பழைய ஹெட்டைச் சுட்ட வேண்டும், பிறகு ஹெட் புதிய நோடுக்கு மாற வேண்டும். “இந்த இரண்டு வரியையும் இடம் மாற்றி எழுதினால் என்ன ஆகும்?” என்று கேட்டு நான்கு விடை கொடுக்கலாம். அ: ஒன்றும் ஆகாது, சரியாகச் சேரும். ஆ: புதிய நோட் தன்னையே சுட்டும், பழைய லிஸ்ட் கைவிட்டுப் போகும். இ: கம்பைல் ஆகாது. ஈ: நோட் கடைசியில் போய்ச் சேரும். சரியான விடை ஆ. ஆனால் ஆசிரியருக்குத் தேவையானது மற்ற மூன்றும். அ போட்டவருக்கு வரிசை முக்கியம் என்பது பிடிபடவில்லை. இ போட்டவர், லாஜிக் தவறையும் எழுத்துத் தவறையும் ஒன்றாக நினைக்கிறார். ஈ போட்டவருக்கு ஹெட் எந்தப் பக்கம் என்பதே குழப்பம். மூன்று பேருக்கும் மூன்று வேறு விளக்கம் வேண்டும். செவ்வாய் காலை மூடுல் (ஒரு எல்எம்எஸ் மென்பொருள்) தரும் அறிக்கையில் 25 பேர் அ என்று தெரிந்தால், நேரலையின் முதல் பத்து நிமிடம் என்ன செய்வது என்று தனியாக யோசிக்க வேண்டியதில்லை: பெட்டி, அம்பு வரைந்து இரண்டு வரியையும் தலைகீழாக ஓட்டிக் காட்ட வேண்டியதுதான்.

கேள்வி, கவனத்தையும் பிடித்து வைக்கிறது. 21 நிமிடப் புள்ளியியல் வீடியோவை நான்காக வெட்டி இடையிடையே சிறு தேர்வு வைத்த ஆய்வு 2013ல் வந்தது; தேர்வு எழுதியவர்களின் மனம் அலைவது, எழுதாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறையப் பாதியாக இருந்தது.

இந்த முறை எங்கே உடைகிறது? செவ்வாய்க்கிழமை. பாதிப் பேர் வீடியோ பார்க்காமல் வருவார்கள். ஆசிரியர் இரக்கப்பட்டு முழுப் பாடத்தையும் மறுபடி நடத்துவார். அன்றோடு கதை முடிந்தது. எப்படியும் சார் நடத்துவார் என்றால் அடுத்த வாரம் பார்ப்பவர் யார்? பார்க்காதவர்களை அந்த நேரத்தில் தனி பிரேக்அவுட் அறையில் வீடியோ பார்க்க விடலாம், மற்றவர்களோடு கணக்கைத் தொடரலாம். குவிஸுக்கு 10 சதவீத மதிப்பெண் போதும். 30 வைத்தால் விடைகள் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும், அறிக்கை பொய் சொல்லும், தவறு மறுபடி மறைந்துவிடும்.

என்பிடெல் வழிக்குச் சட்ட ஆதரவு உண்டு: யுஜிசியின் 2021 விதிமுறைப்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் (என்பிடெல் பாடங்களும் நடக்கும் மத்திய அரசின் ஆன்லைன் தளம்) மூலம் படிக்கலாம். 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட். பொதுவாக அசைன்மென்ட்டுக்கு 25, மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு முறையே 10ம் 30ம் குறைந்தபட்சம். பாடம் தரமானது, பதிவு இலவசம். ஆனால் உங்கள் யூனிட் வரிசையும் அவர்கள் வரிசையும் ஒத்துவராது, அசைன்மென்ட் விடைகள் யூடியூபில் கிடைப்பதும் ஊரறிந்த ரகசியம். விருப்பப் பாடங்களுக்கு இது நல்ல வழி. அடிப்படைப் பாடத்துக்கு எடுத்தால், வாரம் ஒரு மணி நேரமாவது உள்ளூர் ஆசிரியர் உட்கார வேண்டும்.

தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. கேமரா கண்காணிப்பு மென்பொருளுக்குச் செலவழிப்பதை விட வைவா (வாய்மொழித் தேர்வு) மலிவு. ஆளுக்கு ஐந்து நிமிடம், 60 பேருக்கு ஐந்து மணி நேரம்; ஒரு விடைத்தாளுக்குப் பத்து நிமிடம் என்றால் 60 தாள் திருத்தவே பத்து மணி நேரம் ஆகும். அவர் ஏற்றிய ப்ரோகிராமைத் திறந்து, “இந்த இரண்டு வரியையும் மாத்திப் போட்டா?” என்று கேட்டால் போதும். தமிழில் பதில் சொல்ல விட்டால் புரிந்ததும் புரியாததும் இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

முதல் முறை தொடங்குபவர் 12 வாரத்தையும் கலவைக்கு மாற்ற வேண்டாம். போன வருட விடைத்தாள்களில் மாணவர்கள் அதிகம் தடுமாறிய இரண்டு யூனிட்டை மட்டும் எடுத்து, அந்தத் தாள்களில் கண்ட தவறுகளையே குவிஸின் தப்பான விடைகளாக வைத்துத் தொடங்கலாம்.