புவியியலாளர் சம்பளம்: அரசுத் துறையா, தனியார் நிறுவனமா?

புவியியல் படித்தவர் முன் பெரும்பாலும் இரண்டு வாசல்கள்: அரசின் வரைபடத் துறைகள், அல்லது செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தொழில் நடத்தும் தனியார் நிறுவனங்கள்.

தனியாரில் ஈர்ப்பது சம்பளம் ஏறும் வேகம். வரைபடத்தோடு பைத்தான் நிரலும் தரவுத்தளமும் தெரிந்தவர் துணிந்து கூடுதலாகக் கேட்கலாம். ஆனால் இந்த வேலைகள் பெருநகரங்களில்தான் குவிந்திருக்கின்றன; ஏறிய சம்பளத்தில் பெரும்பகுதியை வீட்டு வாடகை விழுங்கிவிடும். ஒப்பந்தப் பணி என்றால் அடுத்த திட்டம் வரும்வரை சேமிப்பைக் கரைக்க வேண்டியதுதான். சம்பளத் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் இளைஞர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

அரசு வேலையில் உயர்வு மெதுவானது. சிறிய ஊரில் பணியிடம் அமைந்தால், குறைந்த சம்பளமும் மாதக் கடைசிவரை தாங்கும்.

கற்கும் செலவு முன்பு பெரிய தடையாக இருந்தது. 2008இல் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களின் காப்பகம் இலவசமானது. வரைபடம் தயாரிக்க உதவும் கியூஜிஐஎஸ் (QGIS) மென்பொருளுக்கும் கட்டணம் இல்லை. அதனால் அரசுப் பணியில் இருந்துகொண்டே மாலை நேரங்களில் தனியாருக்கான திறனை வளர்த்துக்கொள்ள முடியும். குடும்பப் பொறுப்பு உள்ளவருக்கு நான் இந்த வழியையே சொல்வேன்.