நீர் புகாத தரை என்று சொல்லி லேமினேட் போட்டுவிட்டார்கள்: நாய், பூனை வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை

நாயோ பூனையோ உள்ள வீட்டுக்குத் தரை மாற்ற நினைப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டில் இருபது ஆண்டுகளுக்கு முன் பதித்த பளபளப்பான டைல்ஸ் தரை இருந்தது. எங்கள் நாய் கருப்பனுக்கு வயது 11. பின்னங்கால் மூட்டு தேய்ந்துவிட்டதால், அந்த வழுவழுப்பில் அவன் எழ முயலும்போதெல்லாம் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து விழுந்துவிடுவான். மாத்திரை கொடுப்பதோடு, நகத்துக்கும் பாதத்துக்கும் பிடிப்புக் கிடைக்கும் தரையாகவும் மாற்றிவிடுங்கள் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். முதுமையால் சில இரவுகளில் அவன் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தும் விடுவான். ஆகவே வழுக்காத தரை, ஈரம் தாங்கும் தரை என்ற இரண்டு நிபந்தனைகளோடுதான் பிறையில் ஒரு கடைக்குப் போனோம்.

கடைக்காரர் நம்மவர். என்னை “டீச்சர்” என்று அழைத்து, ஒரு மாதிரிப் பலகையை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் நனைத்தும் வீட்டுச் சாவியால் கீறியும் காட்டினார். “நாய் இருக்குன்னு சொன்னீங்கள்ல டீச்சர், இதான் சரி. முழுக்க வாட்டர்ப்ரூஃப்” என்று அவர் சொன்னதையே பிறகு புலனத்திலும் (வாட்ஸ்அப்) எழுதி அனுப்பினார். மற்ற கடைகளில் 4, 5 மில்லிமீட்டர் பலகைதான் கொடுப்பார்கள் என்றும், தாம் அதே விலைக்கு 8 மில்லிமீட்டர் கொடுப்பதாகவும் சொன்னபோது எங்களுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. 620 சதுர அடிக்கு, சதுர அடி 7.50 ரிங்கிட் வீதம் 4,650 ரிங்கிட் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்தோம். கொட்டேஷனில் “மர வடிவத் தரைப்பலகை, 8 மி.மீ., ஏசி4” (தேய்மானத்துக்கான தரக்குறியீடு) என்று மட்டுமே இருந்தது. எந்தப் பொருளால் ஆன பலகை என்பதை அதில் எழுதும்படி நான் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம், கருப்பன் படுக்கும் மூலையில் பலகைகளின் ஓரங்கள் மேடு தட்டத் தொடங்கின. ஐந்தாம் மாதம் வெறுங்காலால் நடந்தாலே விளிம்புகள் தட்டுப்பட்டன. எத்தனை முறை துடைத்தாலும் போகாத ஒரு நாற்றமும் சேர்ந்துகொண்டது. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, “நாய் மூத்திரத்த எந்தத் தரையும் தாங்காது டீச்சர், வாரண்டியிலயும் வராது” என்று கூறிப் போய்விட்டார். அதை நம்பி, அந்த வயதான உயிரை ஆறு வாரம் வெளித் தாழ்வாரத்தில் கட்டி வைத்தோம். பணம் போனதைவிட எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது அதுதான்.

வீடு புதுப்பிக்கும் வேலை செய்யும் என் அண்ணன் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சமையலறை வாசலில் இருந்த அலுமினியப் பட்டையைக் கழற்றிப் பலகையின் வெட்டு முகத்தைப் பார்த்தான். உள்ளே மரத்தூளை அழுத்தியது போன்ற பழுப்பு நார். “அத்தை, இது லேமினேட். இதுக்கும், கல் பொடி கலந்த எஸ்பிசி பலகைக்கும் சம்பந்தமே இல்ல” என்றான். சாமான் அறையில் போட்டு வைத்திருந்த மீதித் துண்டை ஒரு வாளித் தண்ணீரில் போட்டபோது அது மிதந்தது. காலையில் எடுத்துப் பார்த்தால் ஓரம் ஊறி உப்பியிருந்தது. அவன் வேறோர் இடத்திலிருந்து கொண்டுவந்த எஸ்பிசித் துண்டோ போட்ட உடனே அடியில் போய் உட்கார்ந்தது, ஓரம் அப்படியே இருந்தது. கடையில் நனைத்துக் காட்டியது இதே போன்ற சாம்பல் நிற வெட்டு முகம் கொண்ட பலகை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

எஸ்பிசி என்பது சுண்ணாம்புக்கல் பொடியையும் பிவிசியையும் சேர்த்து அழுத்திச் செய்வது. கல் கலந்திருப்பதால் கனமானது. பலகைக்குள் தண்ணீர் இறங்காது. லேமினேட்டின் நடுப்பகுதியோ மர நாரை அழுத்திச் செய்த அட்டை. மேலே உள்ள பூச்சு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், இணைப்புகளின் வழியாக ஈரம் இறங்கினால் அந்த நார் உப்பிவிடும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. ஏசி4 என்ற குறியீடும் பொய்யன்று. ஆனால் அது மேற்பரப்பு எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது, நீரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நடுப்பகுதி பச்சை நிறமாக இருந்தால் நீர் புகாது என்று சிலர் விற்கிறார்கள். பச்சை என்பது சாயம்தான், நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எங்களுக்குப் பெருமையாகத் தோன்றிய அந்த 8 மில்லிமீட்டரே உண்மையில் முதல் தடயமாக இருந்திருக்கிறது, ஏனெனில் எஸ்பிசி பெரும்பாலும் 4 முதல் 6 மில்லிமீட்டர் வரைதான் வரும், லேமினேட்தான் 8, 12 என்று தடிமனாக வரும். லேமினேட் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. ஈரம் படாத படுக்கையறைக்கு அது நன்றாகவே உழைக்கும். சிறுநீரை அடக்க முடியாத நாய் இருக்கிறது என்று தெரிந்தே அதை வேறு பெயரில் விற்றதுதான் குற்றம்.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 34, 35ஆம் பிரிவுகள், விற்கும் பொருள் சொன்ன விவரத்துக்கும் காட்டிய மாதிரிக்கும் ஒத்திருக்க வேண்டும் என்கின்றன. அதை வைத்துப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், அதாவது திரிபுனல் துந்துதான் பெங்குனாவில், முதலாம் பாரத்தை நிரப்பி வழக்குப் பதிவு செய்தேன். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. புலனச் செய்தியின் அச்சுப்படி, பற்றுச்சீட்டு, உப்பிய துண்டு, உப்பாத துண்டு ஆகியவற்றைக் கொண்டு போனேன். கடைக்காரர் அங்கேயே 3,200 ரிங்கிட் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். பலகையைப் பெயர்த்த கூலியும், மூத்திரத்தை உறிஞ்சி நாறிக்கொண்டிருந்த அடி நுரைப்பாயை அகற்றிப் பழைய டைல்ஸைக் கழுவிய செலவும் எங்கள் தலையில்தான் விழுந்தன.

இப்போது 5 மில்லிமீட்டர் எஸ்பிசி போட்டிருக்கிறோம். மேலே உள்ள தேய்மானப் படலம் 0.5 மில்லிமீட்டர். 0.3 உள்ளதும் கிடைக்கிறது, ஆனால் நகம் கீறும் வீட்டுக்குத் தடித்த படலமே மேல் என்று எடுத்தோம். கருப்பன் வழுக்காமல் எழ வேண்டும் என்பதால் மரக்கோடுகள் கைக்குத் தட்டுப்படும்படி புடைத்திருக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தோம். இதுவும் முழுக் காப்பு அன்று: பலகை ஊறாதே தவிர, தேங்கிய சிறுநீர் இணைப்பின் வழியே அடியில் இறங்கினால் நாற்றம் தங்கிவிடும். எனவே இரவில் ஒருமுறையாவது எழுந்து பார்த்துத் துடைக்கிறோம். உத்தரவாதப் பத்திரத்தையும் இந்த முறை கடைசி வரி வரை படித்தேன். வளர்ப்புப் பிராணிகளின் சிறுநீரால் வரும் சேதத்தை அதில் விலக்கியிருந்தார்கள். அந்த வரியைக் கடையில் யாரும் வாயால் சொல்லவில்லை. புதுக் கடையில் கொட்டேஷனிலேயே “எஸ்பிசி” என்றும் தடிமனையும் படலத்தின் அளவையும் எழுதி வாங்கி, ஒரு துண்டைக் கையோடு கொண்டு வந்து வாளியில் போட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுத்தோம். வேலை நாளன்று பெட்டியைப் பிரித்ததும் அதிலிருந்து எடுத்த ஒரு துண்டையும் அப்படியே சோதித்தோம்.

பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் அண்மையில் இப்படித் தரை போட்டு ஓரம் உப்பியிருப்பவர்கள், பழியை நாயின் மேல் போடும் முன் வாசல் பட்டையைக் கழற்றி வெட்டு முகத்தைப் பாருங்கள். மீதித் துண்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நடுவர் மன்றத்தில் கோரிக்கை வைக்க மூன்று ஆண்டுகள்தான் அவகாசம்.