சுங்கை சிப்புட்டில் தடயவியல் உளவியல் வழிகாட்டல்: 80 வெள்ளி தாராளமாகக் கொடுக்கலாம்

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு "குற்றவாளிங்க மனசைப் படிக்கிற வேலைதான் வேணும்", அதாவது தடயவியல் உளவியல்தான் என்று ஒரே பிடியாக நிற்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், எந்தக் கல்லூரி ஏஜெண்டிடமும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சுங்கை சிப்புட் டவுனில் கடைவீட்டு மாடியில் ஓர் உளவியலாளர் நடத்தும் இந்த ஆலோசனைக்கு ஒரு தடவை கூட்டிப் போங்கள். சனிக்கிழமை மட்டும்தான். ஒரு மணி நேரத்துக்கு 80 வெள்ளி.

நான் கூட்டிப் போனது என் அக்கா மகளை. தோட்டத்துப் பிள்ளை, நன்றாகப் படிப்பாள். அவளை ஏற்கெனவே ஓர் ஏஜெண்ட் வீடு தேடி வந்து பார்த்துவிட்டார். பெயரிலேயே 'தடயவியல்' இருக்கிற டிப்ளோமா, முடித்ததும் போலீசில் வேலை, பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடன் இருக்கிறது, கவலை வேண்டாம் என்று அடுக்கிவிட்டுப் போயிருந்தார். அக்காவும் பாதி சம்மதித்துவிட்டாள்.

உள்ளே போனதும் பிள்ளை மரியாதைக்கு "டாக்டர்" என்றாள். "நான் டாக்டர் இல்லம்மா, முதுகலைதான் முடிச்சிருக்கேன், அக்கான்னே கூப்பிடு" என்றார் அந்த உளவியலாளர். எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. தான் வந்த பாதையையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: தோட்டத் தமிழ்ப்பள்ளி, படிவம் ஆறு (பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு), உளவியலில் இளங்கலை, அப்புறம் அடிபட்டு வரும் பெண்களுக்கான காப்பகத்தில் குறைந்த சம்பளத்தில் வேலை, அந்த அனுபவத்தோடு கிளினிக்கல் சைக்காலஜியில், அதாவது மனநோயை மதிப்பிட்டுச் சிகிச்சை தரும் உளவியலில் முதுகலை, மனநல மருத்துவமனையில் சில வருடம். இப்போது குற்ற வழக்குகளுக்கும், விவாகரத்தில் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்குகளுக்கும் வக்கீல்கள் கேட்கும் மதிப்பீட்டு அறிக்கைகளை எழுதிக் கொடுக்கிறார். பதிவுச் சான்றிதழை எடுத்துக் காட்டி, அது உண்மைதானா என்று பதிவு கொடுக்கும் மன்றத்தில் எப்படிச் சரிபார்ப்பது என்பதையும் சொல்லிக் கொடுத்தார். இதை எந்த ஏஜெண்ட் செய்வார்?

எங்களுக்குத் தெரியாமல் இருந்த முக்கியமான விஷயம் இதுதான். நம் மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் சுகாதாரத் துணைத் தொழில் சட்டம், அதாவது சட்டம் 774, பெயர் சொல்லிப் பதிவு கேட்பது கிளினிக்கல் சைக்காலஜிஸ்டை, தடயவியல் உளவியலாளரை அல்ல. அதற்கு உளவியல் இளங்கலையும் அதன்மேல் கிளினிக்கல் முதுகலையும் வேண்டும். முதுகலைக்கு இடம் கொஞ்சம், போட்டி அதிகம், படிப்போடு மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு. பிரிட்டனில் என்றால் தடயவியல் உளவியலாளர் என்பதே சட்டம் காக்கும் பட்டம். பதிவு இல்லாமல் யாரும் அப்படிப் போட்டுக்கொள்ள முடியாது. ஆகவே இங்கே கோர்ட், சிறை, மருத்துவமனைப் பக்கம் போக நினைக்கிற பிள்ளைக்கு அந்த முதுகலைதான் உறுதியான அடித்தளம், டிப்ளோமாவின் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள் என்றார். எந்தப் படிப்பானாலும் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரத்தை முதலில் பார்க்கச் சொன்னார்.

வேலை எப்படி இருக்கும் என்று பிள்ளை கேட்டதற்கு, நம் பக்கத்தில் இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். 1911இல் தொடங்கிய அந்த மருத்துவமனையைப் பற்றி நம் ஆட்கள் பேசும் பேச்சு எல்லாருக்கும் தெரியும். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சித்தசுவாதீனம் இல்லையோ என்று நீதிமன்றத்துக்குச் சந்தேகம் வந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342ஆம் பிரிவின்படி மனநல மருத்துவமனைக்கு அனுப்பி, ஒரு மாதத்துக்கு மேற்படாமல் கண்காணிக்கச் சொல்லலாம். அங்கே தலைமை தாங்குவது மனநல மருத்துவர், அவர் மருத்துவம் படித்து மருந்து எழுதுபவர். உளவியலாளர் சோதனைகள் வைத்து, பேட்டி எடுத்து, பழைய பதிவுகளைத் தேடி, குடும்பத்தாரிடம் விசாரித்து, பக்கம் பக்கமாக எழுதுபவர். கொலைகாரனைத் துரத்துவதெல்லாம் இல்லை. எழுத்து, எழுத்து, எழுத்து. அப்புறம் கோர்ட்டில் காத்திருப்பது, குறுக்கு விசாரணையில் நிதானம் இழக்காமல் நிற்பது.

"நடிக்கிறாங்கன்னு எப்படிக்கா கண்டுபிடிப்பீங்க?" என்று அவள் கேட்டபோது அவர் மேசையில் படங்களைப் பரப்பினார். சிலவற்றைக் காட்டி எடுத்துவிட்டு, பிறகு இரண்டிரண்டாக வைத்து, முன்பு பார்த்தது எது என்று கேட்டார். உண்மையாகவே எதுவும் ஞாபகம் இல்லாதவர் குருட்டாம்போக்கில் சொன்னாலும் ஏறக்குறைய பாதி சரியாக வரும். பாதிக்கும் ரொம்பக் கீழே போனால், சரியான விடை தெரிந்தே தவிர்க்கிறார் என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது. அதை மட்டும் வைத்து முடிவு கட்டமாட்டோம் என்றும் சொன்னார். பிள்ளையின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்! போலீஸ் கனவை விட்டுவிட்டு இந்தக் கணக்கில் இறங்கிவிட்டாள்.

குறையும் இருக்கிறது. கையில் கொடுக்கும் தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். என் அக்கா மாதிரி தமிழ் மட்டும் படிக்கிற பெற்றோருக்கும் ஒரு தாள் அச்சடித்தால் புண்ணியமாகப் போகும், முடிவெடுப்பது அவர்கள்தானே. ஒரு மணி நேரம் போதவில்லை, சம்பளம் பற்றி வாய் திறப்பதற்குள் அடுத்தவர் கதவைத் தட்டிவிட்டார். படிக்கட்டு செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம்.

வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். தேர்வு முடிவுத் தாள், கல்லூரிக்காரர் கொடுத்த விளம்பரத் தாள் இரண்டையும் மறக்காமல் எடுத்துப் போனால் வரிக்கு வரி பார்த்துச் சொல்கிறார். அக்கா அந்த டிப்ளோமாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பிள்ளை படிவம் ஆறுக்குப் போகிறாள்.