சிப்ஸ் விளம்பரம்: பழைய நினைவா, இன்றைய தெருவா?

ரமலான் வந்தால் அரபு டிவியில் விளம்பர மழை. அதில் சிப்ஸ் விற்க எதைக் காட்டலாம்? பழைய கார்ட்டூன் நினைவையா (பழசு), இன்றைய தெருப் பேச்சையும் ராப்பையுமா (புதுசு)?

மொழி
பழசு: 2000-ல் தொடங்கிய ஸ்பேஸ்டூன் என்ற அரபு கார்ட்டூன் சேனலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கார்ட்டூன் பேசியது பெரும்பாலும் ஏட்டு அரபி. மொராக்கோவிலும் ஈராக்கிலும் புரியும். ஒரே குரல் போதும்.
புதுசு: கெய்ரோ பேச்சு வேறு, ரியாத் பேச்சு வேறு. நாட்டுக்கு நாடு குரல் மாற்ற வேண்டும். ஆனால் சாட்டில் அரபியை ஆங்கில எழுத்தில் எழுதுவதுபோல ‘ஹபீபி’யின் முதல் எழுத்துக்கு 7 போட்டுக் காட்டினால், பிள்ளைகள் ‘நம்ம ஆளு’ என்பார்கள்.

செலவு
பழசு: பழைய மெட்டைத் தொட்டால் உரிமத்தொகை.
புதுசு: ராப்பைப் புதிதாகவே போடலாம். பிரபல ராப்பர் வேண்டுமென்றால், சரி, அதுவும் அதே கணக்குதான்.

ஆயுள்
பழசு: அடுத்த ரமலானுக்கும் ஓடும்.
புதுசு: ஸ்லாங் சீக்கிரம் ஊசிப்போகும்.

குடும்பப் பாக்கெட்டுக்குப் பழசு. புதுச் சுவையை இளசுகளிடம் அறிமுகம் செய்யப் புதுசு. இரண்டும் வேண்டுமா? துபாய் கரக் டீக்கடையில் கேமராவை வையுங்கள். சூடான பரோட்டாவில் சீஸ் தடவி, ‘சிப்ஸ் ஓமான்’ என்ற பிராண்டு சிப்ஸை நொறுக்கித் தூவிச் சுருட்டுகிறார்கள். அப்பாவுக்கு அது பள்ளி நாள். மகளுக்கு இன்ஸ்டா ரீல்.