பழைய கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

தோட்ட ஆபீஸ்களில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர்களைத் தேடி எடுத்து உயிர் கொடுக்கிறவர்கள் நம் மலையகத்திலும் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன். போன ஆடியில் எனக்கு நடந்தது வேறு யாருக்கும் நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பா தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போய்ச் சில வருடங்களில் அவருடைய ஆபீஸுக்கு ஒரு 386 கம்ப்யூட்டர் வந்தது. அதுவரை பெரிய பேரேட்டில் கையால் எழுதிய செக்ரோல், அதாவது தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவு, அதற்குள் போனது. யாருக்கு முழுப் பேர் (முழுநாள் வேலை), யாருக்கு அரைப் பேர், கைக்காசு எவ்வளவு, எல்லாம். சம்பளத்துக்கு முந்தின இரவு டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர் கத்துகிற சத்தம் எங்கள் குவாட்டர்ஸ் வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கி வளர்ந்தவன் நான்.

போன வருடம் ஸ்டோரைத் துப்புரவு செய்தபோது அந்தப் பெட்டி பழைய இரும்பு லொறியில் ஏற இருந்தது. 3,000 ரூபாய் கொடுத்து இறக்கினேன். பவர் சப்ளையைத் தனியாகச் சோதித்த பிறகே ஒன் பண்ணினேன். மெமரியை எண்ணிக் காட்டியது, ஹார்ட் டிஸ்க்கும் சுழன்றது. தேதியும் டிஸ்க் விவரமும் மட்டும் மறந்துபோயிருந்தன.

காரணம் பெட்டரி. அந்தக் காலத்து 386, 486 கம்ப்யூட்டர்களின் மதர்போர்டுகள் பலவற்றில் 3.6 வோல்ட் நிக்கல் கட்மியம் பெட்டரியை நேரே போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் கிடந்தால் அது கசியும். கசிவது அமிலம் இல்லை, காரம். செம்புக் கோடுகளை அரித்துக்கொண்டே போகும், நம் ஊர் ஈரத்தில் இன்னும் மோசம். என் போர்டில் அந்த நீல பெட்டரியின் ஒரு முனையில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்து, கீபோர்டு சொக்கட்டின் கால் வரை ஊர்ந்திருந்தது.

அதைக் கழற்ற என்னிடம் சரியான சாமான் இல்லை. ஹட்டனில் கேட்ட இடத்திலெல்லாம் போனும் லெப்டொப்பும்தான் பார்க்கிறார்கள். அதனால் உரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து, கண்டியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "விட்டுட்டுப் போங்க தம்பி, ரெண்டு கிழமையில சரியாயிரும்" என்றார் கடைக்காரர். முன்பணம் 6,000.

அங்கேயே நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த ஒரு ப்ளொப்பியை என் கண் முன்னாலேயே டிரைவுக்குள் தள்ளினார். அந்தப் பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டும், அப்புறம் போடுகிற நல்ல டிஸ்க்கையும் சுரண்டும். பழைய மெஷினைத் தொட்டுப் பழகியவர் அப்படிச் செய்யமாட்டார்.

ரெண்டு கிழமை நாலு மாதமானது. கடைசியில், "பெட்டரி மாத்தி போர்டையும் கழுவிட்டேன் தம்பி. ஆனா போர்டு செத்துப்போச்சு, இனி ஒண்ணும் செய்ய ஏலாது" என்று இன்னொரு 3,500 வாங்கிக்கொண்டார். வெளியே அடைமழை, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. திறந்து பார்க்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் மூடியைக் கழற்றினால், அதே நீல பெட்டரி. அதே பச்சை உப்பு, இன்னும் ரெண்டு விரல்கடை தள்ளிப் போயிருந்தது. புரொசசர் இருந்த சொக்கட் காலி. 386டிஎக்ஸ் செரமிக் சிப், அடியில் தங்க முலாம் பூசிய 132 ஊசி. தங்கத்துக்காக அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். போர்டு சாகவில்லை. மூளையைப் பிடுங்கிவிட்டுச் செத்துப்போச்சு என்றார்.

அதையாவது இன்னொன்று தேடிப் போடலாம். ஹார்ட் டிஸ்க்கையும் மாற்றியிருந்தார். என்னுடையது 40 எம்பி கோனர். உள்ளே இருந்தது வேறு கம்பனியுடையது. போன் பண்ணினேன். "நீங்க கொண்டுவந்தது அதுதான் தம்பி." அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

நுகர்வோர் முறைப்பாட்டுக்கு 1977 என்ற போன் நம்பர் இருக்கிறது. ஆனால் என் பில்லில் "ரிப்பேர் 9,500" என்பதைத் தவிர ஒன்றுமில்லை. அதனால் சொல்கிறேன், கொடுக்கும் முன் மூடியைத் திறந்து போர்டையும் சிப்புகளையும் எழுத்து தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். டிஸ்க்கின் சீரியல் நம்பரைப் பில்லில் எழுதவையுங்கள். பெட்டரியைக் கழற்றினால் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் டிஸ்க்கில் இருப்பதை வேறிடத்தில் இறக்கிவிடுங்கள். மெஷின் மறந்துபோன டிஸ்க் விவரத்தை, அதாவது சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை, செட்டப்பில் கையால் கொடுத்திருந்தால் அன்றைக்கே நான் படித்திருக்கலாம். போர்டைக் கழுவிய பிறகு ஆறுதலாகப் பார்ப்போம் என்று விட்டது என் பிழை.

அந்தக் கோனர் டிஸ்க்கின் மேல் மஞ்சள் பிளாஸ்டர் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். நீல பேனாவில், அப்பாவின் சாய்ந்த எழுத்தில், "செக்ரோல் 94–96". கண்டிப் பக்கம் பழைய சாமான் கடையில் கண்டால் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். கேட்கிற விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.