பல் கிளிப்புக்கு நூலா, நீர்ப்பீச்சியா?

பல்லில் கிளிப் போட்டவர்களுக்குத் தேங்காய்த் துருவலும் கீரையும் பகையாளிகள். கம்பிக்கடியில் ஒதுங்கிவிட்டால் பிரஷ் அங்கே எட்டாது.

பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃபிளாஸ் நூல் மலிவு. மின்சாரம் வேண்டாம், சட்டைப் பையில் அடங்கும். ஆனால் குறுக்கே கம்பி ஓடுவதால் நேரே இறக்க முடியாது. வளைய ஊசி போன்ற திரெடரில் கோத்து, கம்பிக்குக் கீழே நுழைத்து, ஒவ்வொரு இடுக்காக இழுக்க வேண்டும். பழகியவருக்கே பத்து நிமிடம் ஓடிவிடும். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை அதைத் தினமும் செய்யும் என்று நான் நம்பவில்லை.

நீர்ப்பீச்சி, அதாவது வாட்டர் ஃபிளாசர், விட்டுவிட்டுத் துடிக்கும் மெல்லிய நீர்த்தாரையால் ஒன்றிரண்டு நிமிடத்தில் வேலையை முடிக்கிறது. 1960களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பல் மருத்துவரும் ஒரு பொறியாளரும் சேர்ந்து உருவாக்கிய கருவி இது. கிளிப்புக்கென்றே குச்சம் வைத்த முனையும் கிடைக்கிறது. வெதுவெதுப்பான நீர், குறைந்த அழுத்தம், தொட்டிமேல் குனிந்த தலை: இந்த மூன்றையும் மறந்தால் முதல் நாளே கண்ணாடி முழுக்கக் குளித்துவிடும்.

ஒரு குறை உண்டு. துணுக்குகளை அது நன்றாக வெளியேற்றும். பல்லோடு பல் ஒட்டும் இடத்தில் படியும் பிசுபிசுப்பான படலத்தை உரசி எடுப்பதில் நூலுக்குத்தான் கை தேர்ச்சி. நீர்ப்பீச்சிக்கு விலையும் அதிகம், பெரும்பாலும் மின்சாரமோ சார்ஜோ வேண்டும்.

என் தேர்வு: தினமும் இரவில் நீர்ப்பீச்சி, உடனே ஃபுளோரைடு பேஸ்ட்டுடன் பிரஷ்; அவசரமில்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலாவது நூல்.